கோட்டு இல்லாமல் வந்தவர்

அந்தக் கப்பலில் ஏழு நாள் பயணத்துக்கு இரண்டு ‘கோட்டு ராத்திரி’ உண்டு. இரண்டாம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்று. அன்றைக்குக் காலையிலேயே ஒவ்வொரு கேபின் கதவுக்கு அடியிலும் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள். இன்றிரவு பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் விருந்து, ஆண்கள் கோட்டும் டையும் அணிந்து வரவும், பெண்கள் பட்டோ நீண்ட உடையோ உடுத்தி வரவும், அரைக்கால் சட்டைக்கும் ரப்பர் செருப்புக்கும் அனுமதியில்லை என்று அதில் அச்சடித்திருக்கும். அதைப் படித்ததும் கப்பலில் பாதிப் பேருக்குக் கல்யாணக் களை வந்துவிடும். மீதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். “லீவுக்கு வந்த இடத்துல எதுக்குய்யா கழுத்துல கயிறு?” என்று முனகிக்கொண்டே பெட்டியைக் குடைவார்கள்.

கூடத்தின் வாசலில் நின்று இவர்கள் எல்லாரையும் மேலும் கீழும் பார்த்து உள்ளே அனுப்புகிறவருக்குக் கப்பல் ஊழியர்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவர் சட்டைக் கை மடிப்பில் பென்சில் சீவலாம் என்பது அவர்களுடைய கேலி. வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக அதே கப்பல். முதலில் தட்டு எடுத்தார், பிறகு பரிமாறினார், பிறகு வாசலுக்கு வந்தார். வாசலுக்கு வந்தபின் அங்கேயே நின்றுவிட்டார்.

அவரைப் போல ஒரு தங்கமான மனுஷன் கிடையாது என்று பேர். கோட்டு இல்லாமல் வந்த யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. வாசலுக்கு இரண்டடி தள்ளி ஒரு கம்பியில் இரவல் கோட்டுகள் தொங்கும். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லி ஒன்றை உருவி மாட்டிவிடுவார். ஒருவருக்குத் தொப்பை இடித்துப் பட்டன் சேரவில்லை. “போடாதீங்க சார், திறந்து விடறதுதான் இப்ப ஃபேஷன்” என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவர் மேலே கோட்டும் டையும், கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டையுமாக வந்தார். “மேசைக்குக் கீழ யார் குனிஞ்சு பாக்கப்போறா?” என்பது அவர் வாதம். இஸ்திரி தன் கேபினுக்கு ஓடிப்போய்த் தன்னுடைய பேண்டையே கொண்டுவந்து கொடுத்தார். “அண்ணே, ஒரு நாள் நீங்க ஜட்டியோட நிக்கப்போறீங்க” என்று பரிமாறுகிற பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

எட்டு வருடமாகத்தான் அவர் இப்படி என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் வேறு கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோட்டு ராத்திரியிலும் ஏழே முக்கால் ஆகும்போது, வரிசையின் கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் நிற்பார். கோட்டு இருக்காது. இஸ்திரி முன்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவார், வரிசை நகரும், கடைசி ஆள் உள்ளே போனதும் அங்கே வெறும் கம்பளம் இருக்கும். முதல் இரண்டு வருடம் அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு பயம் நின்றது, ஆனால் பார்ப்பது நிற்கவில்லை. கப்பல் டாக்டரிடம் கண்ணைக் காட்டினார். கண் கல்லாட்டம் இருக்கிறது என்றார் டாக்டர்.

அந்தப் பருவத்தோடு கப்பலை உடைக்கக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. அதற்கு முன் போன கடைசிப் பயணங்களில் ஒன்றில் ஓர் அம்மாள் வந்தார்.

இரண்டாம் நாள் மாலை, ஏழு இருபதுக்கு, வரிசையில் தனியாக நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கருநீலப் பட்டு, காதில் சின்னத் தோடு, அதிகம் இல்லை. இடது கையில் ஒரு ஆண்பிள்ளைக் கோட்டை ஹேங்கரோடு ஏந்தியிருந்தார். குழந்தையை ஏந்துவது மாதிரி.

“மேடம், கோட்டை வேணும்னா இங்கயே மாட்டி வச்சிடறேன்” என்றார் இஸ்திரி.

“வேண்டாம். எதிர் நாற்காலிக்கு வேணும்.”

“சார் பின்னாடி வர்றாரா மேடம்?”

அந்த அம்மாள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். “நீங்க மீசை வச்சிருந்தீங்க இல்ல? உங்ககிட்டதான் அன்னைக்குக் கேட்டேன். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரான்னு.”

இஸ்திரியின் விரல் மழித்த மேலுதட்டுக்குப் போனது. “ஆமா மேடம்” என்று மட்டும் சொன்னார்.

“கப்பலை உடைக்கப் போறாங்களாமே. அதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து சாப்பிட்டுப் போயிடலாம்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார். பன்னிரண்டாம் எண் மேசை. எதிர் நாற்காலியின் முதுகில் கோட்டை மாட்டி, தோளை நீவிச் சரிசெய்து, பிறகு தான் உட்கார்ந்தார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இதுதான்.

அந்த அம்மாளும் அவர் கணவரும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காகப் பிள்ளைகள் அனுப்பிவைத்து வந்திருந்தார்கள். கணவர் லாரி மெக்கானிக். கப்பலில் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் மட்டும் குனிந்து கதவின் கீலைப் பார்ப்பார். அந்தக் கோட்டு ராத்திரியில் அந்த அம்மாள் முதலில் வந்துவிட்டார். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஏழே முக்காலுக்கு, வரிசை முழுவதும் உள்ளே போய் வாசலில் இஸ்திரி தனியாக நிற்கையில், அந்த மெக்கானிக் கோட்டு இல்லாமல் வெள்ளைச் சட்டையோடு வந்தார். அறைச் சாவி மனைவியிடம் இருக்கிறது, கோட்டு அறைக்குள் மாட்டிக்கொண்டது, மனைவியைக் கூப்பிடுங்கள் என்றார்.

இஸ்திரி கூப்பிடவில்லை. அன்றைக்கு மாலைதான் மேலதிகாரி அவரைப் பத்துப் பேருக்கு முன்னால் வைத்து வாங்கியிருந்தார். போன கோட்டு ராத்திரியில் எவனோ பனியனோடு உள்ளே நுழைந்து கேப்டன் மேசைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறான். “வாசல்ல என்னய்யா புடுங்கறே?” என்று கேட்டார் மேலதிகாரி. அந்தச் சூடு இஸ்திரியின் மண்டையில் இன்னும் இறங்கவில்லை. சாவி இல்லை, கோட்டு பெட்டியில் வரவில்லை, பாட்டி செத்துப்போனாள் என்று அந்த வாசலில் நின்று அவர் கேட்காத சாக்கு கிடையாது. இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தார். உள்ளே கேப்டன் பேச எழுந்துவிட்டார். இரவல் கோட்டு இரண்டடி தூரத்தில் தொங்கியது. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதே, இரவல் கொடு என்பதுதான் விதி. அவர் கொடுக்கவில்லை. “கோட்டு போட்டுட்டு வாங்க சார், ரூல் ரூல்தான்” என்றார். அந்த ஆள் மனைவியிடம் சொல்லச் சொல்லி ஒரு சேதி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கேப்டன் பேசி முடித்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார் இஸ்திரி. கேப்டன் பேச்சு முடிந்தது, கைதட்டினார்கள், ஒரு மேசையில் கண்ணாடிக் குவளை உடைந்தது, ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. சேதி நினைவிலிருந்து நழுவிவிட்டது.

ஒன்பதரைக்கு அந்த அம்மாள் எழுந்து வாசலுக்கு வந்து கேட்டார். “எங்க வீட்டுக்காரர் வந்தாருங்களா? வெள்ளைச் சட்டை.” பக்கத்தில் மேலதிகாரியும் கேப்டனும் விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டு நின்றார்கள். இஸ்திரியின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. “இல்ல மேடம், இந்தப் பக்கம் வரலயே.”

பத்தரைக்கெல்லாம் கப்பல் முழுக்கத் தேடிவிட்டார்கள். ஆள் இல்லை. கடைசியாகப் பார்த்தது யார் என்று விசாரித்தார்கள். ஐந்து மணிக்கு நடைபாதையில் பார்த்ததாகக் கூட்டுகிறவர் ஒருவர் சொன்னார். அதற்குப்பின் யாராவது பார்த்தீர்களா என்று ஊழியர்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார்கள். இஸ்திரி அந்த வரிசையில் நின்றார். ஒன்பதரைக்குச் சொன்ன பொய் அதற்குள் ஒரு மணி நேரம் வளர்ந்திருந்தது. இப்போது மாற்றிச் சொன்னால் இரண்டு குற்றம். பேசாமல் நின்றார்.

கப்பலைத் திருப்பினார்கள். கரையிலிருந்து படகுகளும் வந்தன. ஐந்து மணிக்குக் கப்பல் எங்கே இருந்ததோ அங்கேயிருந்து தேடத் தொடங்கினார்கள். பழைய கப்பல், பின் டெக்கில் கேமரா கிடையாது. எந்த நேரத்தில் விழுந்தார் என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை. விடிகிறவரைக்கும் தேடியும், ஏழே முக்காலுக்குக் கப்பல் இருந்த இடத்துக்குப் படகுகள் வந்து சேரவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது.

இப்போது, எட்டு வருடம் கழித்து, இஸ்திரி அதே வாசலில் நின்று பன்னிரண்டாம் எண் மேசையைப் பார்த்தார். கடிகாரம் ஏழே முக்கால் காட்டியது. வரிசை முடிந்துவிட்டது. அப்போது அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. தலையைத் திருப்பினார். எட்டு வருடமாக வரிசைக் கடைசியில் நின்றவர் இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். சட்டை காய்ந்துதான் இருந்தது. இடது கையில் ஒரு கோணல் மடிப்பு. தண்ணீர் தொட்டு வாரிய தலை. அவர் இஸ்திரியைப் பார்க்கவே இல்லை. அவரைத் தாண்டி, உள்ளே அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போக விடுவார்களா என்று காத்திருக்கிறவரின் பார்வை.

“போங்க சார்” என்றார் இஸ்திரி. குரல் வெளியே வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. பரிமாறுகிற பையன் ஒருவன் ஓடிவந்தான். “அண்ணே, யார்கிட்ட பேசறீங்க? மூஞ்சில ஈயாடல.”

தோளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் முற்பகல் அவர் துணியறைக்குப் போனார். இரவல் கோட்டுகளைத் துவைத்துத் தேய்த்துத் தருகிற அக்காவின் ராஜ்ஜியம் அது. நீராவிக்கு நடுவில் நின்றுகொண்டு கப்பலில் நடக்கிற எல்லாக் கதையையும் தெரிந்துவைத்திருப்பார். நாலு வருடம் முன்புதான் இந்தக் கப்பலுக்கு வந்தவர், ஆகையால் பழைய கதை மட்டும் தெரியாது.

துணி தேய்க்கிற மேசையின் மேல் அந்தக் கோட்டு விரித்திருந்தது.

“யாரோடதுன்னு தெரியுமா?” என்றார் அக்கா. “பன்னெண்டாம் மேசை அம்மாவோடது. காலையில கொண்டாந்து குடுத்தாங்க. தோள்ல சுருக்கம் விழுந்திடுச்சாம். எட்டு வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவை இஸ்திரி போட்டு வைக்கிறாங்களாம். ஒரு நாள்கூட ஆள் போடாத கோட்டுப்பா இது. பைத்தையல்கூடப் பிரிக்கல, பாரு.”

“என்ன சொன்னாங்க?”

“என்னத்த சொல்ல. பாவம். சண்டையே இந்தக் கோட்டாலதானாம். அவர் போட மாட்டேன்னாராம். கடையில பொம்மைக்கு மாட்டற மாதிரி என்னை மாட்டி உக்கார வைக்கணுமான்னாராம். இவங்களுக்கு ஆசை. ஊர்லயே அளவெடுத்துத் தைச்ச கோட்டு. கோவத்துல சொல்லிட்டாங்களாம், ஒரே ஒரு ராத்திரி உங்களை மனுஷனா பாக்க ஆசைப்பட்டேன், நீங்க வராம இருந்தாலே எனக்கு நிம்மதின்னு.” அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “நாலரை மணிக்குச் சண்டை. கதவை அறைஞ்சிட்டுப் போனார். அஞ்சு மணிக்கு யாரோ பாத்ததுதான் கடைசி. அந்தச் சொல்லைக் கேட்டுட்டு நேரா போய் விழுந்துட்டார்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க. பெத்த மகனே மூணு வருஷம் முகம் குடுத்துப் பேசலையாம். நீதான் அப்பாவைத் தள்ளிவிட்டேன்னானாம். ஏன்ப்பா, உனக்கு என்ன ஆச்சு? உக்காரு, உக்காரு.”

இஸ்திரி துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமும் தன் பொய்யால் தப்பான இடத்தில் தேடினார்கள் என்ற ஒன்றைத்தான் அவர் சுமந்திருந்தார். அதற்கே முதுகு ஒடிந்திருந்தது. அதே பொய் கரையில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தினமும் வேலை செய்திருக்கிறது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஆள் சொன்ன சேதி அவருக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அதை வைத்துக்கொண்டு எட்டு வருடம் சும்மா இருந்திருக்கிறார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மாளின் கேபின் கதவு வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பினார். நாலாம் நாள் பிற்பகல், எல்லாரும் கரையில் இறங்கிச் சுற்றப் போயிருந்த நேரத்தில், அந்த அம்மாள் மட்டும் பின் டெக்கில் தனியாக ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் போய் நின்றார்.

“உக்காருங்களேன்” என்றார் அந்த அம்மாள்.

“நின்னுக்கறேன்மா.” அவர் வாயில் ‘மேடம்’ வரவில்லை. “அன்னைக்கு நீங்க கேட்டீங்க. வரலன்னு சொன்னேன். அது பொய்ம்மா. அவர் வந்தார்.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, “எத்தனை மணிக்கு?” என்றார்.

“ஏழே முக்கால்.”

“ராத்திரி ஏழே முக்காலா?”

“ஆமாம்மா. வாசலுக்கு வந்தார். சாவி உங்ககிட்ட இருக்கு, கோட்டு உள்ள மாட்டிக்கிச்சுன்னார். உங்களைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிடல. உள்ள விடவும் இல்ல. ‘கோட்டு எடுக்கத்தான்யா உள்ள போகணுங்கிறேன், கோட்டோட வான்னா எப்படி, இது நல்ல கூத்தா இருக்கே’ன்னு சிரிச்சார்.”

“சிரிச்சாரா?”

“சிரிச்சார்ம்மா. தலையைத் தண்ணி தொட்டுச் சீவியிருந்தார். கையைச் சோப்பு போட்டுத் தேய்ச்சிருப்பார் போல, விரலெல்லாம் சிவந்திருந்தது. ‘அவ சாப்பிட்டாளா’ன்னு கேட்டார். இன்னும் ஆரம்பிக்கலன்னேன். ‘சரி, அவகிட்ட சொல்லுங்க, பின்னாடி டெக்குல காத்தாட நிக்கிறேன், சாவியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. கோட்டு போட்டுக்கறேன்னு சொன்னேன்னு சொல்லுங்க. அதை மறந்துடாதீங்க, அதான் முக்கியம்’னார்.”

காற்றில் அந்த அம்மாளின் முந்தானை படபடத்தது. அவர் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கோட்டு போட்டுக்கறேன்னாரா?”

“ஆமாம்மா.”

“நான் வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தேன். வேணும்னேதான். வந்தா வரட்டும், நான் திரும்பிப் பாக்கப்போறதில்லன்னு.” பிறகு அவர் முகம் மாறியது. ஒரு கணக்கு உள்ளே ஓடி முடிந்ததை இஸ்திரி கண்ணாலேயே பார்த்தார். “அஞ்சு மணி இடத்துல இல்ல தேடினாங்க? அப்ப, இவங்க அங்க தேடிக்கிட்டிருக்கும்போது அவர்...”

முடிக்கவில்லை. இப்போதுதான் இஸ்திரி பக்கம் திரும்பினார்.

“என் முகத்தைப் பாத்து வரலன்னீங்களே. அப்ப மனசுல என்ன நெனச்சீங்க?”

“கேப்டன் பக்கத்துல நின்னார்ம்மா. வேலை போயிடும்னு நெனச்சேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்மா.”

“இன்னும் கொஞ்சம் பெரிய காரணமா இருந்திருக்கக் கூடாதா?” என்றார் அந்த அம்மாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கேட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இஸ்திரி மண்டியிடப் போனார். “எழுந்திருங்க” என்றார் அந்த அம்மாள் உடனே. “காலுல விழறது, மன்னிப்பு கேக்கறது, அதெல்லாம் வேண்டாம். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இப்ப என்கிட்ட சொன்னதை எழுதிக் குடுங்க. என் மகன் படிக்கணும். நேரத்தைச் சரியா எழுதுங்க. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க. தலை சீவியிருந்தார்னும் எழுதுங்க.”

அவர் ஊழியர் சாப்பாட்டறைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதினார். மாலை வெயில் வட்டச் சன்னல் வழியாக மேசையில் விழுந்திருந்தது. கணக்கில்லாத சாப்பாட்டுச் சீட்டு எழுதிய கைதான், ஆனாலும் எழுத்துக் கூட்டுகிறவன் மாதிரி மெதுவாக ஓடியது. ‘கோட்டு இல்லாமல் வந்தார்’ என்று எழுதியபோது நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பதை உணர்ந்தார். சோப்பு வாசனை வந்தது. குனிந்து படிக்கிறவரின் மூச்சு கழுத்தில் பட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று ஒரு பிடிவாதத்தில் மேலே எழுதினார். ஒரு இடத்தில் ‘அவரிடம் பணிவாக மறுத்தேன்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். மூச்சும் நின்றது. ‘பணிவாக’ என்பதை அடித்துவிட்டு, ‘எரிச்சலோடு’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியபின்தான் திரும்பினார். காலி மேசைகளும், கவிழ்த்து வைத்த தம்ளர்களும் இருந்தன.

ஒரு பிரதியை அந்த அம்மாளிடம் கொடுத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போனார். இப்போதைய கேப்டன் வேறு ஆள். இரண்டு முறை படித்தார்.

“இதை யாரும் உங்களைக் கேக்கலயே” என்றார்.

“அப்ப கேட்டாங்க சார்.”

கேப்டன் ரொம்பக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ களைத்துப்போனவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்றைக்கே வாசல் வேலையிலிருந்து விலக்கினார்கள். ஆறாம் நாள் கோட்டு ராத்திரிக்கு வேறொருவர் வாசலில் நின்றார். இஸ்திரி தன் கேபினில் உட்கார்ந்து பெட்டி கட்டினார். ஏழே முக்காலுக்கு எழுந்து நின்றார், ஏன் என்று தெரியாமல். பிறகு உட்கார்ந்துகொண்டார். துணியறை அக்கா வந்து கதவில் சாய்ந்து நின்று, “அந்தம்மா இன்னைக்குச் சாப்பிட வரல. ரூமுக்கே சூப் கொண்டு போகச் சொல்லிட்டாங்க” என்றார். “கதையெல்லாம் கேள்விப்பட்டேன்.”

“திட்டறதுன்னா திட்டுக்கா.”

“திட்டத்தான் வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா முடியல” என்று சொல்லி, ஒரு கட்டுத் துணியை அவர் பெட்டியில் திணித்துவிட்டுப் போனார். அவருடைய சீருடைச் சட்டைகள், துவைத்து மடித்தவை.

ஏழாம் நாள் அவரைக் கரையில் இறக்கிவிட்டார்கள். விசாரணைக்கு நாலு முறை போனார். பழைய கோப்பில் ‘கடைசியாகக் காணப்பட்டது மாலை ஐந்து’ என்றிருந்ததை ‘இரவு ஏழே முக்கால், சாப்பாட்டுக் கூட வாசல்’ என்று திருத்தினார்கள். கப்பல் நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. நேரம் கடந்துவிட்டதால் வேறு தண்டனை எதுவும் இல்லை என்றார்கள். அதைக் கேட்டபோது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “எட்டு வருஷமா தூக்கத்துல ‘உள்ள போங்க சார், உள்ள போங்க சார்’னு உளறுவீங்க. வேலை நெனப்புன்னு நெனச்சேன்” என்றாள்.

இப்போது அவர் ஒரு ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலை பார்க்கிறார். கைலியோடும் வருவார்கள், அழுத கண்ணோடும் வருவார்கள், யாரையும் எதுவும் கேட்பதில்லை. சாயங்காலக் கூட்டத்தில் வரிசை நீளும்போது அவர் கண் தன்னால் கடைசிக்குப் போகும். கடைசியில் நிற்பவர் நிஜமான ஆளாகவே இருப்பார், டீ கேட்பார். வெள்ளைச் சட்டைக்காரர் பிறகு வரவே இல்லை. வராமல் இருப்பதற்கும் அவர் பழக வேண்டியிருந்தது.

ஆனால் ஃபோன் வருகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் முறை வந்தது. எண்ணை அந்த அம்மாள் விசாரணை அலுவலகத்தில் வாங்கியிருக்கிறார்.

“நான்தான்” என்றார் அந்த அம்மாள். “மகன் படிச்சான். வந்தான். ரெண்டு நாள் இருந்துட்டுப் போனான்.” பிறகு கேட்டார்: “இன்னொரு தடவை சொல்றீங்களா? முதல்லேருந்து.”

அவர் முதலிலிருந்து சொன்னார். வந்தது, கேட்டது, சிரித்தது, சொன்னது. அந்த அம்மாள் இடையில் பேசவில்லை. முடிந்ததும் நன்றி சொல்லாமல் வைத்துவிட்டார். அதற்குப்பின் மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கதை.

போன வாரம் கூப்பிட்டபோது குரல் மெலிந்திருந்தது. சொல்லி முடித்ததும் வைக்கவில்லை.

“யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் ஏதாவது சொன்னாரா? போகும்போது? என் பேரைச் சொன்னாரா?”

இஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார். ‘சொன்னார்மா’ என்று ஒரே ஒரு சொல். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அந்த அம்மாளுக்கு இன்று ராத்திரி தூக்கம் வரும். நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. எதிர்முனையில் அந்த அம்மாள் மூச்சு விடுவது கேட்டது.

“இல்லம்மா” என்றார். “அவ்வளவுதான் சொன்னார்.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா.”

“சரி” என்றார் அந்த அம்மாள். “அடுத்த வாரம் கூப்பிடறேன்.”